ஆபரேட்டர் பதில்கள்: போன ஜென்மத்துக் கதை

(செட்டிநாட்டுத் தியேட்டர் ஒன்றில் 38 வருடம் புரொஜக்டர் ஓட்டி ஓய்வுபெற்றவர், வாசகர்களின் சினிமாக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

வாசகி, தேவகோட்டை: முழுப்பரீட்சை லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஓஸ் நாட்டு மந்திரவாதியின் முன்கதை என்று 2013-ல் வந்த ‘ஓஸ் தி கிரேட் அண்ட் பவர்ஃபுல்’ என்ற ஆங்கிலப் படத்தை டி.வி.யில் போட்டுக் கைதட்டிப் பார்த்தார்கள். நான் ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ என்ற 1939-ம் வருடத்துப் பழைய படத்தைக் காலேஜ் ஹாஸ்டலில் பார்த்து மயங்கினவள். புதுசைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. கோளாறு படத்திலா, என் வயதிலா?

எரிச்சல் உங்களுக்கு மட்டும் இல்லை ஆச்சி. அந்தப் படம் வந்தபோது ஊர் உலகமே இரண்டு கட்சியாகத்தான் நின்றது. வசூல் 49 கோடி டாலர். ஆனால் எழுதினவர்களில் ஒரு கூட்டம் கண்ணுக்கு விருந்து என்றது, இன்னொரு கூட்டம் உப்பும் இல்லை உறைப்பும் இல்லை என்றது.

என் மகளும் உங்கள் கட்சி. பழைய படத்தில் கதையைத் தூக்கிச் சுமந்தது ஒரு சின்னப் பெண். சூறாவளி அவளை வீட்டோடு தூக்கி வேறு நாட்டில் போடுகிறது. வைக்கோல் பொம்மை, தகர மனிதன், பயந்தாங்கொள்ளிச் சிங்கம் மூன்றையும் கூட்டிக்கொண்டு மந்திரவாதியைத் தேடிப் போகிறாள். போய்ப் பார்த்தால் அவன் புளுகன். அவளுடைய நாய்க்குட்டி திரைச்சீலையை இழுக்கிறது, பின்னால் ஒரு கிழவர் நின்று கைப்பிடிகளைத் திருகிக்கொண்டிருக்கிறார். புதுப்படம் அந்தப் புளுகனின் வாலிபக் கதை. “மந்திரம் தெரிஞ்ச மூணு பொம்பளைங்க இருக்காங்க. மூணு பேரும் இவன் ஒருத்தன் வருவான்னு உட்கார்ந்திருக்காங்களே அப்பா” என்றாள் மகள். நியாயமான கேள்வி. மூலக்கதையை 1900-ல் எழுதிய அமெரிக்கர் எல். ஃபிராங்க் பாம். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடியவர் அவருக்கு மாமியார். பிள்ளைகளுக்குச் சொல்கிற கதைகளை எழுதி அச்சுக்குக் கொடுங்கள் என்று அவரைத் தள்ளிவிட்டதே அந்த அம்மாள்தான். அவர் இருந்திருந்தால் என் மகள் பக்கம் பேசியிருப்பார்.

நான் மட்டும் பிள்ளைகள் கட்சி. காரணம் தொழில்.

படம் கறுப்பு வெள்ளையில், சதுரச் சட்டத்தில் தொடங்குகிறது. டி.வி.யின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. செட்டிங் ஏதோ மாறிவிட்டது என்று மாப்பிள்ளை ரிமோட்டை எடுத்தார். “கையை எடுங்க மாப்பிள்ளை” என்றேன். பலூன் சூறாவளியில் சிக்கி ஓஸ் நாட்டுக்குள் விழுகிறபோது நிறம் ஊறி வருகிறது, பக்கவாட்டுப் பட்டைகளும் மெல்ல விலகுகின்றன.

1973-ல் ராஜராஜ சோழன் வந்தது, தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம், அதாவது அகலத்திரைப் படம். எங்கள் தியேட்டருக்கு அது வந்து சேர்வதற்குள் பெரிய ஊர்களில் ஓடிக் கோடு விழுந்திருந்தது. நான் அப்போது பாக்ஸில், அதாவது புரொஜக்டர் ரூமில், எடுபிடி. ஸ்கோப் லென்ஸ் வாடகைக்கு வந்தது. நியூஸ் ரீல் சதுரமாக ஓடும். அது முடிந்ததும் நான் படி இறங்கி ஓடி, திரையின் இரண்டு பக்கமும் தொங்கும் கறுப்புத் துணியைக் கயிறு பிடித்து இழுக்க வேண்டும். திரை அகலமாகும்போது பெஞ்ச் டிக்கெட்டிலிருந்து ஒரு மூச்சு கிளம்பும் பாருங்கள். கைதட்டல் இல்லை, விசில் இல்லை, மூச்சு மட்டும். திரைக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டவன் நான். அன்றைக்கு டி.வி. முன்னால் என் பேத்தி அதே மூச்சை விட்டாள்.

பழைய படத்தில் இந்த வித்தையைக் கதவை வைத்துச் செய்திருப்பார்கள், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வீட்டுக்குள் எல்லாம் பழுப்பு, கதவைத் திறந்தால் வெளியே கலர். அந்த இடத்தில் உள்சுவருக்குப் பழுப்புப் பெயின்ட் அடித்து, கதவைத் திறக்கிற பெண்ணுக்கும் பழுப்புத் துணி உடுத்திக் கலர் ஃபிலிமிலேயே எடுத்தார்கள். திறக்கிறவள் டூப். அவள் ஒதுங்கிக்கொள்ள, நீல உடையில் கதாநாயகி ஜூடி கார்லண்ட் வெளியே வருவார். அந்தச் சூறாவளி என்ன தெரியுமா? 35 அடி நீளத்துக்குத் தைத்த துணிக்குழாய்.

என் அப்பா ஏவி.எம். தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுப் படம் எடுத்த காலத்தில் அங்கே கூலிக்குப் போனவர். 1947-ல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்ததுதான். செட்டுக்குப் பின்பக்கம் வெறும் சட்டமும் சாக்கும்தான் என்பார். பின்பக்கத்தைப் பார்த்த அதே மனிதர், தியேட்டரில் முன்பக்கத்தைப் பார்த்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

புதுப்படத்தின் கடைசியில் அந்தப் புளுகன் என்ன செய்கிறான்? மந்திரம் தெரியாது. புகையைக் கிளப்பி, விளக்கும் லென்ஸும் வைத்துத் தன் முகத்தை அதன்மேல் மலையளவு காட்டுகிறான். புகைதான் திரை. ஓட்டுகிறவன் உள்ளே ஒளிந்திருக்கிறான். சூனியக்காரிகள் மிரண்டு ஓடுகிறார்கள். நம்ம தொழில்காரன் ஆச்சி! ஒரு சாண் ஓட்டை வழியாக ஊரைப் பார்த்தவனுக்கு வேறு என்ன வேண்டும்? எங்கள் ஞாபகம் ஜனங்களுக்கு எப்போது வரும்? படம் அறுந்தால் வரும். மொத்தத் தியேட்டரும் திரும்பி “டேய் ஆபரேட்டர்” என்னும்.

பச்சைச் சூனியக்காரி விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன். பழைய படத்தில் அவள் ஏன் கெட்டவள் என்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் பயந்தோம். இதில் ஆம்பிளை ஏமாற்றினான், அக்காள் கொடுத்த ஆப்பிளைத் தின்றாள், பச்சையானாள் என்று ரசீது போட்டுக் கொடுக்கிறார்கள். ரசீதைப் பார்த்து யாருக்காவது பயம் வருமா?

ஒரு காட்சியை மட்டும் எனக்காக இன்னொரு தடவை பாருங்கள். தொடக்கத்தில் சக்கர நாற்காலியில் இருக்கும் சிறுமி, என்னை நடக்க வை என்று மந்திரவாதியைக் கேட்கிறாள். அவனால் முடியவில்லை. ஓஸ் நாட்டில் கால் உடைந்து கிடக்கும் பீங்கான் பொம்மைப் பெண்ணைப் பார்க்கிறான். பசை தடவிக் காலை ஒட்டி நடக்க வைக்கிறான். இரண்டுக்கும் குரல் ஒரே பிள்ளை. உங்கள் வீட்டுப் பெட்டகத்திலும் பர்மாவிலிருந்து வந்த பீங்கான் ஏதாவது ஒன்று விரிசலோடு இருக்கும். அதைத் தூக்கி எறிய மனசு வந்ததா?

வாசகர், கோட்டையூர்: பழைய படத்தின் அடையாளமே அந்தச் சிவப்புச் செருப்புதான். முன்கதையில் அதைக் கண்ணிலேயே காட்டவில்லையே, மறந்துவிட்டார்களா?

மறக்கவில்லை, கொடுக்கவில்லை. பாம் எழுதிய புத்தகத்தில் அது வெள்ளிச் செருப்பு. 1939-ல் டெக்னிக்கலர் புதுசு. வெள்ளியைக் காட்டுவதைவிடக் கெம்புச் சிவப்பைக் காட்டினால் எடுக்கும் என்று மாற்றினார்கள். புத்தகத்தின் உரிமைக்காலம் முடிந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். படத்துக்காகப் புதிதாகச் சேர்த்ததெல்லாம் அந்தப் படத்தின் சொந்தக்காரருக்கு. முன்கதை எடுத்ததோ வேறு கம்பெனி.

நம் ஊர்ப் பெரிய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வளவு, அதாவது நடு முற்றம், எல்லாப் பங்காளிக்கும் பொது. வளவைச் சுற்றி இருக்கிற அறை அவரவருக்கு. வளவில் நீங்கள் பந்தி போடலாம், பங்காளி அறைச் சாவியைக் கேட்க முடியாது. சூனியக்காரி முகத்துப் பச்சையைக்கூடப் பழைய பச்சை மாதிரி இல்லாமல் வேறு பச்சையாகப் பார்த்துப் பூசினார்களாம்.

அந்தச் செருப்பில் ஒரு ஜோடி 2005-ல் அமெரிக்க மியூசியம் ஒன்றிலிருந்து களவு போய், 2018-ல் கிடைத்து, 2024 டிசம்பரில் ஏலத்துக்கு வந்தது. கேட்ட விலை 2 கோடியே 80 லட்சம் டாலர். இத்தனைக்கும் முதல் வெளியீட்டில் அந்தப் படம் போட்ட முதலை எடுக்கவில்லை. 1956-லிருந்து டி.வி.யில் திரும்பத் திரும்பப் போட்டுப் போட்டுத்தான் ஜனங்கள் வீட்டுப் படமாக ஆனது.

வாசகர், புதுவயல்: முடிவு தெரிந்த கதைக்கு எதற்கு முன்கதை? தமிழில் இந்த வழக்கம் உண்டா?

முடிவு தெரியாமலா ஊர் கம்பன் விழாவுக்குப் போகிறது? சா. கணேசன் காரைக்குடியில் அதைத் தொடங்கியது 1939-ல், நம் பழைய படம் வந்த அதே வருடம். ராவணன் சாவான் என்று தெரிந்துதான் அத்தனை வருடமாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறார்கள்.

முன்கதை வழக்கமும் உண்டு, அதுவும் பலமாக. சிலப்பதிகாரத்தில் கட்டுரை காதை படித்திருக்கிறீர்களா? மதுரை எரிந்துகொண்டிருக்கிறது. மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குப் பின்னால் வந்து நின்று கோவலனின் போன ஜென்மத்தைச் சொல்கிறது. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்துக் கடைவீதியில் சங்கமன் என்ற வணிகன் நகை விற்க வந்தான். பரதன் என்ற அரசாங்க ஆள் அவனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்ல வைத்தான். அந்தப் பரதன்தான் கோவலனாகப் பிறந்தான். சங்கமன் மனைவி நீலி 14 நாள் அலைந்து மலையிலிருந்து விழுந்து செத்தாள், சாகும்போது சாபம் விட்டாள். கண்ணகிக்கும் அதே 14 நாள் கணக்கு.

பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா இதைச் சொன்ன அன்றைக்கு வகுப்பே கொதித்துவிட்டது. வணிகக் குடும்பத்துப் பையன் ஒருவன் எழுந்து, “அப்ப பாண்டியன் செஞ்சது தப்பில்லைன்னு ஆயிருதே ஐயா” என்றான். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை, கோவலன் அவனுக்குச் சொந்தக்காரன் மாதிரி. ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “சங்கமனும் வணிகன்தானே, அவன் பக்கம் யாரு எந்திரிக்கிறது?” என்று கேட்டார். யாரும் எந்திரிக்கவில்லை.

எனக்கு இன்றைக்கும் அந்தக் காதை கசப்புத்தான். அப்பாவி என்று அழுதவனைக் கணக்கில் சேர்த்துவிட்டார்களே என்று இருக்கும். ஆனால் நீலி தெருத்தெருவாக அலைந்தது மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. முன்கதை எடுக்கிறவர்கள் நீலியைப் பிடித்தால் போதும். பரதன் ஜென்மக் கணக்கை விட்டுவிடலாம்.

வாசகி, பள்ளத்தூர்: பச்சைச் சூனியக்காரியையே நாயகியாக்கி 2024-ல் வந்த ‘விக்கட்’ என்ற பாட்டுப் படத்தைப் பார்த்தீர்களா? எனக்கு அதுதான் உயர்த்தி.

பார்த்தேன். நீங்கள் சொல்வது சரி. 1995-ல் நாவல், 2003-ல் மேடை நாடகம், பிறகு சினிமா, அடுத்த வருடமே இரண்டாம் பாகம் என்று நிதானமாக வந்த கதை. இதில் நீலி பக்கம் ஆள் எந்திரித்துவிட்டார்கள். இரண்டு சிநேகிதிகள் பிரிகிற கதையை எந்த நாட்டில் சொன்னாலும் பெண்பிள்ளைகள் விடமாட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது வேறு விஷயத்தில். அமெரிக்காவில் ரசிகர்கள் தியேட்டரில் கூடவே பாட, பக்கத்து சீட்காரர் சண்டைக்குப் போக, பாடக்கூடாது என்று திரையில் போட்டார்களாம். அப்புறம் கிறிஸ்துமஸ் முதல் பாடுகிறவர்களுக்கென்று தனிக் காட்சி வைத்தார்கள். எங்கள் தியேட்டரில் அம்மன் படத்துக்குச் சாமியே வந்து ஆடும். வேப்பிலையும் தண்ணீரும் கவுன்டரிலேயே தயாராக வைத்திருப்போம். தனிக் காட்சியாவது ஒன்றாவது!

வாசகர், கானாடுகாத்தான்: இரண்டு படத்தையும் பார்க்காத பிள்ளைகளுக்கு எதை முதலில் போடுவது?

வந்த வரிசையில் போடுங்கள். ரசத்துக்கு அப்புறம் சாம்பார் ஊற்றுகிற வழக்கம் நம் பந்தியில் இல்லை.

வாசகர், ராயவரம்: ஆபரேட்டர் வேலையில் நீங்கள் செய்த பெரிய தப்பு எது? மறைக்காமல் சொல்லவும்.

முன்கதை பற்றிய வாரத்தில் சரியாகத்தான் கேட்டீர்கள். அப்போதெல்லாம் ஒரே பிரிண்டை இரண்டு ஊருக்கு வைத்து ஓட்டுவோம். அங்கே ஓடி முடிந்த ரீலைச் சைக்கிள் கேரியரில் கட்டிப் பையன் கொண்டுவருவான், இங்கே மாட்டுவோம். ஒரு ஐப்பசி மழை ராத்திரி, மாயாஜாலப் படம் ஒன்று. பையன் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தான். டப்பா மூடியில் சாக்பீஸால் எழுதின நம்பர் மழையில் அழிந்துவிட்டது. ஓடுகிற ரீல் முடியப் போகிறது. திரையின் மூலையில் புள்ளி வந்தால் அடுத்த மிஷினுக்கு மாற்ற வேண்டும். கைக்கு வந்ததை மாட்டினேன்.

அது 11-ம் ரீல். மாட்டியிருக்க வேண்டியது 8. மந்திரவாதி குகையில் வெட்டுப்பட்டுச் செத்தான், இளவரசன் இளவரசியைக் கைப்பிடித்தான். நான் புரொஜக்டர் விளக்கின் கார்பன் குச்சியைச் சரிசெய்கிற மும்முரத்தில் கவனிக்கவில்லை. அடுத்ததாக 8-ஐ மாட்டினபோது செத்த மந்திரவாதி சிம்மாசனத்தில் உட்கார்ந்து சிரிக்கிறான். எனக்குக் கை கால் ஓடவில்லை. விசில் வரும், செருப்பு வரும் என்று ஓட்டை வழியாகப் பார்த்தேன். ஒருத்தரும் அசையவில்லை. வேறு வழியில்லாமல் 9, 10 என்று ஓட்டி, 12-ல் சுபம் போட்டேன்.

முதலாளிக்கு விஷயம் போய் அந்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அது பெரிசில்லை. ஆட்டம் விட்டதும் டீக்கடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். “செத்தவன் கதையைச் செத்ததுக்கப்புறம் சொன்னான் பாரு, அங்கதாண்டா டைரக்டர் நிக்கிறான்.” நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் நம்பரைப் பெயின்டில் எழுதி ஒழுங்காக ஓட்டினேன். இடைவேளைக்கு அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து பாக்ஸ் கதவைத் தட்டுகிற சத்தம். முதல் நாள் பார்த்தவரில் ஒருவர் பொண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

“என்னண்ணே, நேத்து நல்லாத்தானே ஓட்டுனீங்க?”