ஷேர் ஆட்டோ எப்போது நிறையும்? (கடிதம்)

அன்புள்ள சார்,

அரை உண்மைகளைப் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு கூற்று முழு உண்மை (1), முழுப் பொய் (0) என்று மட்டுமில்லாமல் இடையில் ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம் என்று கொள்ளும் ஃபஸி லாஜிக் அவளுக்கு ஒரு பாடம். பாடப்புத்தகத்தில் வாஷிங் மெஷினும் ஏ.சி.யும்தான் இருக்கின்றன. நூலகத்திலிருந்து அவள் எடுத்துவந்த இன்னொரு புத்தகத்தைப் புரட்டினால் முழுக்க அல்ஜீப்ரா. நான் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள், ஆனாலும் தலை சுற்றியது. 0.7 உண்மை என்கிறார்களே, அந்த 0.7-ஐ அளந்தது யார்? இதற்கும் நிகழ்தகவுக்கும் என்ன வித்தியாசம்? எண்கள் கையில் இருக்கும்போது அல்ஜீப்ரா எதற்கு? எந்தக் கூற்றும் 'ஒரு வகையில்' மட்டுமே உண்மை என்னும் சமணர்களின் ஸ்யாத்வாதம் இதைத்தானே சொன்னது என்று கேட்கச் சொன்னார் என் கணவர்.

ர., குரோம்பேட்டை

அன்புள்ள ர.,

நிகழ்தகவை முதலில் முடித்துவிடுகிறேன். நாளை தாம்பரத்தில் மழை பெய்ய வாய்ப்பு 0.5, குரோம்பேட்டையிலும் 0.5 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இடத்திலும் பெய்ய வாய்ப்பு எவ்வளவு? பக்கத்துப் பக்கத்து ஊர்கள், அதனால் கிட்டத்தட்ட அதே 0.5 இருக்கலாம். ஆனால் தாம்பரத்தில் 'பெய்யும்', தாம்பரத்தில் 'பெய்யாது' என்பவையும் தலைக்கு 0.5 தான். இரண்டும் சேர்ந்து நடக்க வாய்ப்பு பூஜ்யம். ஆக, தனித்தனி எண்களை மட்டும் வைத்துக்கொண்டு நிகழ்தகவில் 'இதுவும் அதுவும்' என்பதைக் கணக்கிட முடியாது. உண்மை, பொய் இரண்டுக்கும் இடையிலும் மதிப்புகளை அனுமதிக்கும் பலமதிப்புத் தர்க்கத்தில் (ஃபஸி லாஜிக்கும் இதில் ஒரு வகைதான்) முடியும். பகுதிகளின் மதிப்பு தெரிந்தால் முழு வாக்கியத்தின் மதிப்பும் தெரிந்துவிடும். எப்படிச் சேர்ப்பது என்பதுதான் அங்கே கேள்வி, அல்ஜீப்ரா நுழைவதும் அந்த வாசல் வழியாகத்தான்.

வேளச்சேரி விஜயநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கள். 'மேடவாக்கம், மேடவாக்கம்' என்று கூவிக்கொண்டு ஷேர் ஆட்டோ நிற்கும். உள்ளே மூச்சு விட இடம் இருக்காது. டிரைவர் அசராமல், 'இன்னும் ஒரு ஆள்தான், ஏறு சார்' என்பார். அவருடைய தத்துவம் ஒரே வரி: இத்தனை பேருக்கு இடம் இருந்தால், இன்னும் ஒருவருக்கும் இருக்கும். அநேகமாக உண்மைதான். அதற்கு 0.9 கொடுப்போம். காலி வண்டியில் 1-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் அதுவரை கிடைத்த மதிப்பையும் இந்த 0.9-ஐயும் 'உம்' போட்டுச் சேர்த்து, இதையே பத்து முறை பயன்படுத்தினால் என்ன ஆகும்?

'உம்' என்பதற்கு 'இரண்டில் சிறியது' என்று பொருள் கொண்டால், பத்தாவது ஆளுக்கு மட்டுமல்ல, நூறாவது ஆளுக்கும் இடம் இருப்பது 0.9 உண்மை. இது தர்க்க அறிஞர் கெடலின் வழி. பெருக்கினால் பத்தாவது ஆளிடம் ஏறக்குறைய 0.35 மிஞ்சும். அப்புறம் குறைந்துகொண்டே போகும், பூஜ்யத்தை மட்டும் தொடாது. மூன்றாவது, 1920-இல் உண்மை, பொய் இரண்டோடு மூன்றாவது மதிப்பு ஒன்றையும் சேர்த்த போலந்துக்காரர் வுகாஷியேவிச்சின் வழி: இரண்டையும் கூட்டி 1-ஐக் கழி, பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று வை. 1, 0.9, 0.8 என்று இறங்கிப் பத்தாவது ஆளிடம் மிஞ்சுவது சுத்தமான பூஜ்யம். (கண்டிப்பாகச் சொன்னால், இவையெல்லாம் 'குறைந்தது இவ்வளவு உண்மை' என்ற உத்தரவாதங்கள்.) வண்டி ஒன்று, ஆட்கள் அவர்களே, 0.9-உம் அதேதான். சேர்க்கும் விதி மாறியதும் வண்டியின் கதையே மாறிவிட்டது.

விதிகள் இப்படி எத்தனை? எண்ணற்றவை. ஆனால் தொடர்ச்சியானவற்றை (சேர்க்கும் எண்கள் சற்றே மாறினால் விடையும் சற்றே மாறும், திடீரென்று தாவாது) மட்டும் எடுத்துக்கொண்டால் எல்லாமே இந்த மூன்றையும் வெட்டி ஒட்டியவைதான். 1957-இல் மாஸ்டர்ட், ஷீல்ட்ஸ் என்ற கணித அறிஞர்கள் இருவரும் இதை நிறுவினார்கள். தர்க்கத்துக்காக அல்ல, வேறு கணிதத்துக்காக. அந்த மூன்றுக்கும் பொதுவான தர்க்கத்தை 1998-இல் செக் நாட்டுத் தர்க்க அறிஞர் ஹாயெக் ஒரு முழுப் புத்தகமாக எழுதினார்.

வுகாஷியேவிச்சிடம் 'உம்' இரண்டு உண்டு. பையில் இருபது ரூபாய். காப்பி இருபது, போண்டா இருபது. 'காப்பியும் வாங்கலாம், போண்டாவும் வாங்கலாம்' என்பது எது வேண்டுமோ அது என்ற பொருளில் சரி. இரண்டையும் தட்டில் வைத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனால் சரியல்ல. முதல் 'உம்' சிறியதை எடுக்கிறது, இரண்டாவது செலவைக் கூட்டிப் பார்க்கிறது. அந்த இரண்டாவதில் 0.5 உண்மையான ஒன்றை அதனோடேயே சேர்த்தால் கிடைப்பது பூஜ்யம். அரை உண்மையை இரண்டு முறை சொன்னால் முழுப் பொய்! எத்தனை முறை சொன்னாலும் மாறாதவை 0, 1 இரண்டு மட்டுமே. நாம் பள்ளியில் படித்த பூலியன் அல்ஜீப்ரா அந்த இரண்டுக்குள் அடங்கிவிடுகிறது.

சரி, 0.7-ஐ அளந்தது யார்? யாருமில்லை. அளக்கவும் வேண்டாம் என்பதுதான் அல்ஜீப்ராவால் கிடைத்த லாபம். 1958-இல் சி. சி. சாங் என்ற கணித அறிஞர் எண்களைத் தள்ளிவைத்துவிட்டு, எண்கள் எந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டனவோ அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டார். அந்த விதிகளுக்கு அடங்கும் எந்தத் தொகுப்பும் எம்.வி. (பலமதிப்பு) அல்ஜீப்ரா. அவர் காட்டிய ஓர் உதாரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். பூஜ்யத்துக்கு மேலே ஒரு 'துளி'. பிறகு இரண்டு துளி, மூன்று துளி, இப்படி முடிவில்லாமல். உச்சியில் 1. அதற்குக் கீழே 1-இல் ஒரு துளி குறைவு, இரண்டு துளி குறைவு, இப்படியே. எத்தனை துளி சேர்த்தாலும் மேல் வரிசையை எட்ட முடியாது. சிறு துளி பெருவெள்ளம் என்ற பழமொழி பலிக்காத இடம். நம் டிரைவருடைய கொள்கைக்கு '1-இல் ஒரு துளி குறைவு' என்ற மதிப்பைக் கொடுத்தால் அவர் வண்டி நிறையவே நிறையாது! இந்தத் துளிக்கு 0.001 என்றோ வேறு எதுவென்றோ எண் ஒட்டினால் கட்டடமே சரிந்துவிடும். ஆனாலும் 0-விலிருந்து 1 வரையுள்ள எண்களில் எப்போதும் பொருந்தும் சமன்பாடு எதுவும் இங்கும் பொருந்தும். 1959-இல் சாங் இதை நிறுவினார். வுகாஷியேவிச்சின் அடிப்படை விதிகளிலிருந்து நிறுவக்கூடியவையும், எண்களில் எப்போதும் 1 வருபவையும் ஒன்றேதான் என்பது அதிலிருந்து கிடைத்துவிடுகிறது.

உங்கள் கணவரின் கேள்விக்குச் சுருக்கமாக: ஸ்யாத்வாதத்தின் ஏழு வகைக் கூற்றுகளும் எந்தக் கோணத்திலிருந்து பார்க்கிறோம் என்பது பற்றியவை. எவ்வளவு உண்மை என்ற அளவைப் பற்றியவை அல்ல. அதன் பெருமை வேறு, அதற்கு ஃபஸி முத்திரை தேவையில்லை.

மகளுக்கு ஒரு எச்சரிக்கை. 1965-இல் ஜாதே என்ற அறிஞர் ஃபஸி கணங்களை, அதாவது ஒன்று ஓரளவுக்கு மட்டும் உறுப்பாக இருக்கக்கூடிய கணங்களை, கொண்டுவந்தார். 1970-களில் மம்தானி என்ற பொறியாளர் அதை வைத்து ஒரு நீராவி எஞ்சினையே ஓட்டிக்காட்டினார். 1987-இல் ஜப்பானின் செண்டாய் நகரச் சுரங்க ரயில் ஃபஸி கட்டுப்பாட்டில் ஓடத் தொடங்கியது. எல்லாம் சரி. ஆனால் மம்தானி முறையில் 'என்றால்' என்று எழுதியிருக்கும் இடத்தில் பெரும்பாலும் நடப்பது, இரண்டில் சிறியதை எடுப்பது. அது 'உம்', 'என்றால்' அல்ல. 'துணி அழுக்கு என்றால் அதிக நேரம் சுழற்று' என்பதில் துணி சுத்தமாக இருந்தால், தர்க்கத்தின் 'என்றால்' 1 தரும், மெஷினின் 'என்றால்' 0 தரும். மெஷினுக்கு அது போதும், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தோடு அல்ஜீப்ராப் புத்தகத்தைத் திறந்தால் இரண்டாம் பக்கத்திலேயே குழப்பம் வரும். அங்கே 'க என்றால் ங' என்பதன் மதிப்பு, க-வோடு சேர்த்தாலும் ங-வைத் தாண்டாத மிகப் பெரிய எண். புத்தகத்தில் இதற்கு ரெசிடுவம் என்று பெயர் இருக்கும்.

க 0.8, ங 0.5 என்று வைத்து மூன்று விதிகளிலும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கெடலில் 0.5, பெருக்கலில் 0.625, வுகாஷியேவிச்சில் 0.7 வரவேண்டும்.