ப்யூர் டேட்டா கேள்வி பதில்: பெட்டியும் கம்பியும் ஓசையும்

கே: எனக்கு கோடிங் சுத்தமாக வராது. ப்யூர் டேட்டா பழக முடியுமா?

தாராளமாக. இது கணினியில் ஓசையும் இசையும் உருவாக்கும் மென்பொருள். வரி வரியாக நிரல் எழுதும் வேலையே இதில் இல்லை. பெட்டிகளை வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கம்பி இழுக்கிறோம். 1980களில் பாரிஸின் இர்காம் இசை ஆய்வு மையத்தில் மேக்ஸ் என்ற இதே மாதிரி மென்பொருளை உருவாக்கிய மில்லர் பக்கெட்தான் 1990களில் இதையும் எழுதினார். மேக்ஸ் இன்று காசுக்கு விற்கிறது. இது இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியில்கூட ஓடும்.

கே: நிறுவிவிட்டேன். புது ஃபைல் திறந்தால் வெறும் வெள்ளைத் திரை. எங்கே தொடங்குவது?

கன்ட்ரோலும் 1-ம் சேர்த்து அழுத்தினால் ஒரு பெட்டி வரும். அதில் 'ஆஸ்க்~ 440' என்று அடியுங்கள், ஆங்கில எழுத்தில்தான் (osc~). அதன் கீழே '*~ 0.1', அதற்கும் கீழே 'டாக்~' (dac~). மேலிருந்து கீழாக இணையுங்கள். கடைசிப் பெட்டியில் கம்பி நுழையும் இரண்டு வாய்களுக்கும் கம்பி போக வேண்டும், ஒன்று இடது ஸ்பீக்கர், ஒன்று வலது. டிஎஸ்பியை (DSP, ஒலியை ஓடவிடும் சுவிட்ச்) ஆன் செய்ததும் 440 ஹெர்ட்ஸ் ஒலிக்கும். ஒலியளவைக் குறைக்கும் அந்த 0.1-ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை ஹெட்ஃபோனோடு அதை மறந்தேன், அன்று மாலை முழுக்கக் காதில் ரீங்காரம்.

கே: கூட்டல் பெட்டியில் வலப்பக்க எண்ணை மாற்றினால் விடை மாறவே இல்லை. பிழையா?

பிழை இல்லை. வலது வாய் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். இடது வாயில் ஏதாவது வந்தால்தான் கணக்கு நடக்கும். வலப்பக்கம் மாற்றும்போதும் விடை வேண்டுமென்றால் 'டி பி எஃப்' (t b f) என்ற டிரிக்கர் பெட்டியை நடுவில் வையுங்கள். அது வலமிருந்து இடமாக அனுப்பும்: முதலில் எண் வலது வாய்க்கு, அப்புறம் 'கணக்கிடு' என்று தூண்டும் ஒரு தட்டு (bang) இடது வாய்க்கு. இது பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கே: ஸ்வரம் தொடங்கும்போதும் நிற்கும்போதும் 'டிக்' என்று சத்தம் வருகிறதே?

ஒலியளவு சட்டென்று தாவுவதால்தான். 'லைன்~' (line~) வைத்து, '0.1 20' என்ற செய்தியை அனுப்புங்கள். 20 மில்லிவினாடியில் மெல்ல ஏறும். '0 20' அனுப்பினால் அதேபோல இறங்கும். அதை '*~' பெட்டியின் வலது வாயில் இணைக்குமுன் உள்ளேயுள்ள 0.1-ஐ அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த வாய் ஒலி சிக்னலை ஏற்காது.

கே: கர்நாடக இசை கற்கிறேன். கீபோர்டின் அந்தர காந்தாரம் சுருதியோடு ஒட்டாத மாதிரி இருக்கிறது. இதில் சரிபார்க்கலாமா?

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சியே இதுதான். சட்ஜத்தை 240 ஹெர்ட்ஸாக வைத்துக்கொள்வோம். 5/4 விகிதப்படி காந்தாரம் 300. ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கும் கீபோர்டின் சமப் பிரிப்பில் ஏறக்குறைய 302.4. இந்த இரண்டுக்கும் தனித்தனி 'ஆஸ்க்~' வைத்து, இரண்டையும் அதே '*~'-இன் இடது வாயில் இணையுங்கள், தானாகக் கூட்டிக்கொள்ளும். வினாடிக்கு இரண்டுக்குச் சற்று மேல் ஓசை ஏறி இறங்கும். இனி 302.4 இருக்கும் பெட்டியோடு ஒரு எண் பெட்டியை இணைத்து, அதில் 302.4 என்று அடித்து என்டர் தட்டிவிட்டு, ஷிஃப்டை அழுத்தியபடி கீழே இழுங்கள், தசமத்தில் நகரும். 301-இல் அலை நீளும், 300.2-இல் மூச்சு போல ஆகும், 300-இல் அசையாமல் நிற்கும். அப்புறம் 240-ஐயும் சேர்த்துக் கேளுங்கள்.