கோடு ஏன் தட்டையாக ஓடியது?

கேள்வி: எனக்கு 34 வாரம். செக்கப்பில் வயிற்றில் பெல்ட் கட்டி ஹார்ட் பீட் எடுத்தார்கள். 20 நிமிடம் கோடு ஏற்ற இறக்கமே இல்லாமல் ஓடியது. "குழந்தை தூங்குது" என்றார் நர்ஸம்மா. அரை மணி நேரம் தாண்டித்தான் சரியானது. குழந்தையின் இதயம் பலவீனமா? உள்ளே மூச்சு விடுமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: பலவீனம் இல்லை, பயப்படாதீர்கள். நர்ஸம்மா சொன்னது சரி. வயிற்றுக் குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடிக்கும். முடுக்கும் நரம்பும் அடக்கும் நரம்பும் மாறி மாறி இழுப்பதால் அந்தக் கோடு ரம்பப் பல் போல இருக்கும். ஆழ்ந்த தூக்கத்தில் இந்த இழுபறி தணிகிறது. துடிப்பு அதே அளவில் இருக்க, ஏற்ற இறக்கம் மட்டும் 5 துடிப்புக்கும் கீழே போகலாம். இந்தத் தூக்கம் பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம். விழித்து அசைந்ததும் துடிப்பு 15 கூடி, 15 விநாடியாவது நிற்க வேண்டும். 20 நிமிடத்தில் இப்படி இரண்டு முறை வந்தால் போதும். அதனால்தான் பெல்ட்டை 40 நிமிடம் வரை விட்டுவைக்கிறார்கள். ஜூஸ் குடித்தால் எழுந்துகொள்ளும் என்பதை நம்ப வேண்டாம், காத்திருப்பதே வழி. குறைமாத பயத்தில் நுரையீரலுக்கு ஊசி போட்டிருந்தாலும் ஓரிரு நாள் கோடு மந்தமாக ஓடும்; போட்ட தேதியைச் சொல்லிவிடுங்கள்.

மூச்சு என்பது அங்கே பயிற்சிதான். ஆக்சிஜன், நஞ்சு (பிளசென்டா) வழியாகத் தாயிடமிருந்து வருகிறது. நுரையீரலில் இருப்பது நீர். ஆனாலும் நெஞ்சு விரிந்து சுருங்கும். அந்த அசைவு இல்லாவிட்டால் நுரையீரல் சரியாக வளராது. கடைசி மாதங்களில் மொத்த நேரத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் இது நடக்கும், அதுவும் கண்மணி அசையும் லேசான தூக்கத்தில்தான் அதிகம். ஆழ்ந்த தூக்கத்தில் நின்றுபோகும். நீங்கள் சாப்பிட்ட பிறகு கூடும். சிகரெட் புகை குறைக்கும், வீட்டு ஆண்கள் கவனிக்க வேண்டும்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் குழந்தையின் அசைவு குறைந்தால் "தூங்குது போல" என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணுங்கள். 2 மணி நேரத்தில் 10 அசைவு தெரியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. நடுராத்திரி என்றாலும் விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: புரண்டு படுத்தால் கொடி சுற்றிக்கொள்ளும், எழுந்து உட்கார்ந்துதான் திரும்ப வேண்டும் என்கிறார் மாமியார். உண்மையா?
– வாசகி, அஞ்செட்டி

பதில்: இல்லை. குழந்தை தானே சுழல்வதால்தான் கொடி சுற்றுகிறது. 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து தூங்குவதைத் தவிருங்கள். கருப்பையின் கனம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தி, நஞ்சுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். தூக்கத்தில் மல்லாந்திருந்தால் பதற வேண்டாம், விழித்ததும் அப்படியே ஒருக்களித்துக்கொள்ளுங்கள்.