ஜாதிக்காய்த் தீவில் ஒரு மருத்துவக் கல்லூரி: கேள்வி பதில்

கரீபியன் தீவு நாடான கிரெனடாவின் செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ஜாதிக்காய் விளையும் குட்டித் தீவில் அமெரிக்கர்களுக்கு எதற்கு மருத்துவக் கல்லூரி?

பதில்: அமெரிக்காவில் இடம் கிடைக்காதவர்கள் மெக்சிகோவுக்கும் இத்தாலிக்கும் போய், தெரியாத மொழியில் படித்துத் திண்டாடிய காலம் அது. கிரெனடாவில் பேசுவதே ஆங்கிலம். கல்லூரியை நிறுவிய அமெரிக்கர் சார்லஸ் மோடிகாவும் கூட்டாளிகளும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 1976 ஜூலையில் கல்லூரியை நிறுவ கிரெனடா நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1977 ஜனவரியில் வகுப்புகள் தொடங்கிவிட்டன. அவ்வளவு அவசரம்!

கேள்வி: அவ்வளவு சிறிய தீவில் நோயாளிகளுக்கு எங்கே போவார்கள்?

பதில்: சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகள் தீவில் பாடம். அடுத்த இரண்டு ஆண்டுகள் அமெரிக்க, பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் பயிற்சி. அதற்குக் கல்லூரி அந்த மருத்துவமனைகளுக்குக் கட்டணம் செலுத்துகிறது. நியூயார்க் நகரப் பொது மருத்துவமனைகளோடு பத்து ஆண்டுகளுக்கு 10 கோடி டாலர் வரை ஒப்பந்தம் போட்டபோது, நியூயார்க்கின் சொந்த மருத்துவக் கல்லூரிகள் கொதித்தன.

கேள்வி: 1983இல் அமெரிக்கா கிரெனடா மீது படையெடுத்தது இந்த மாணவர்களைக் காப்பாற்றத்தானா?

பதில்: அன்றைய அமெரிக்க அதிபர் ரீகன் அப்படித்தான் சொன்னார். அக்டோபர் 19 அன்று கிரெனடா பிரதமர் மாரிஸ் பிஷப்பை, அவருடைய கட்சியிலேயே எதிரணிக்கு ஆதரவான படைவீரர்கள் சுட்டுக் கொன்றார்கள். கண்டதும் சுட உத்தரவோடு ஊரடங்கு. 25ஆம் தேதி அமெரிக்கப் படை இறங்கியது. வேடிக்கையைக் கேளுங்கள்: விமான ஓடுதளத்தை ஒட்டிய கல்லூரியின் ட்ரூ ப்ளூ வளாகத்துக்கு வீரர்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான், கிராண்ட் ஆன்ஸில் இன்னொரு வளாகமும் அங்கே இன்னும் பல மாணவர்களும் இருப்பது அவர்களுக்குத் தெரிந்தது. காப்பாற்ற வந்தவர்களுக்கு முகவரி தெரியவில்லை! மாணவர்களுக்கு ஆபத்தில்லை என்றே மோடிகாவும் முதலில் சொன்னார், பிறகு மாற்றிக்கொண்டார். ஊர் திரும்பி மண்ணை முத்தமிட்ட மாணவரின் படமோ ரீகனுக்குப் பெரிய பலமாயிற்று. என்னைக் கேட்டால், மாணவர்கள் காரணம் அல்ல, சாக்கு.

கேள்வி: அதன்பின் கல்லூரியை மூடியிருக்க வேண்டுமே?

பதில்: 1984லேயே தீவுக்குத் திரும்பிவிட்டார்கள். 1999இல் கால்நடை மருத்துவமும் வந்தது. 2004இல் ஐவன் சூறாவளி தீவையே புரட்டிப் போட்டது, கல்லூரி அதையும் தாண்டியது. 2014இல் தனியார் முதலீட்டு நிறுவனங்கள் 75 கோடி டாலர் போட்டன. கடைக்காரர், வாடகைக்கு வீடு விடுபவர், டாக்சி ஓட்டுநர் என்று தீவில் பலருடைய அடுப்பு இந்தக் கல்லூரியை நம்பித்தான் எரிகிறது.

கேள்வி: கரீபியனில் எம்.டி. (அங்கே இது மருத்துவரின் முதல் பட்டம், நம் எம்.பி.பி.எஸ். போல) படித்துவிட்டு என் மகள் இந்தியாவில் தொழில் செய்யலாமா?

பதில்: இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளின்படி 54 மாதப் படிப்பும் 12 மாதப் பயிற்சியும் அதே வெளிநாட்டுக் கல்லூரியில் முடிந்திருக்க வேண்டும். தீவில் பாதி, அமெரிக்காவில் பாதி என்ற கணக்கு இதோடு ஒத்துப்போகாது. பணம் கட்டுமுன் அந்த ஆணையத்தின் விதிகளைப் படியுங்கள், முகவர் சொல்வதை அல்ல.