கேளுங்க மக்கா: ஏர்போர்ட்டுல எந்தத் தூணு?

லீவு வந்தாச்சுல்லா, இந்தத் தடவ வந்த கடுதாசில பாதிக்கு மேல ஏர்போர்ட்டுதான். நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுக்குன்னு ஒரு ஏர்போர்ட் இல்லேன்னாலும் வருசத்துக்கு ஒருக்காவது திருவனந்தபுரம் ஏர்போர்ட் வாசல்ல போயி நிக்காத வீடு இங்ஙன கம்மி. அதனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், சமையல் சந்தேகம் கேட்ட மாமிமார் கோவிச்சுக்கிடாதீங்க.

எங்க அண்ணனும் மைனியும் ஷார்ஜால இருந்து விடியக்காலம் 4 மணிக்கு திருவனந்தபுரத்துல எறங்குதாவ. நான், அம்மா, எனக்க ரெண்டு பிள்ளைய எல்லாருமா அவங்களோட சேந்து அன்னைக்கே 11 மணி ஃப்ளைட்டுல டெல்லி போயி ஆக்ரா பாக்கதுக்கு பிளான். எத்தன மணிக்கு கிளம்பணும், அவ்வளவு நேரம் அங்க என்ன செய்ய, உள்ள போயி உக்காரலாமா?
– ஒரு வாசகி, தக்கலை

தங்கச்சி, மொதல்ல டெல்லி டிக்கெட்ட எடுத்து டெர்மினல் நம்பரப் பாருங்க. திருவனந்தபுரத்துல ரெண்டு டெர்மினலும் பக்கத்துப் பக்கத்துல இல்ல. அண்ணன் எறங்குறது டெர்மினல் 2, அது சாக்கை பக்கம், பார்வதி புத்தனாறு ஓரமா. உங்க டெல்லி டிக்கெட்டுல டெர்மினல் 1-ன்னு இருந்தா, அது சங்குமுகம் கடலப் பாத்து இருக்கு. நடுவுல ரன்வே கெடக்கு, அதக் குறுக்க நடந்து தாண்டுறதுக்கு சாமிக்கு மட்டும்தான் அனுமதி (சும்மா சொல்லல, கீழ ஒருத்தர் அதையும் கேட்டிருக்காரு). நம்மள மாதிரி ஆளு வண்டி பிடிச்சு சுத்தித்தான் போகணும்.

உள்ள உக்காரலாமான்னு கேட்டியள்லா, விசயமே அதுலதான் இருக்கு. ஆள கூப்பிடப் போறவன் கம்பிக்கு வெளியதான் நிக்கணும். பயணம் போறவனா இருந்தா டிக்கெட்டும் ஆதாரும் காட்டுனா சிஐஎஸ்எஃப்காரர் உள்ள விடுவாரு, ஆனா ரொம்ப முந்திப் போனா வாசல்லயே நிப்பாட்டவும் செய்வாவ, இனி ஒருக்கா உள்ள போயாச்சுன்னா நெனச்ச நேரம் வெளிய வந்துட்டு திரும்பப் போறதெல்லாம் லேசுல நடக்காது. அண்ணன் வெளிய வாறதுக்கு முன்னால அம்மாவையும் பிள்ளையளையும் உள்ள அனுப்பிட்டியன்னா நீங்க ஒரு பக்கம் அவங்க ஒரு பக்கம் போனுல கத்திக்கிட்டு கெடக்க வேண்டியதுதான்.

4 மணிக்கு பிளேன் எறங்குதுன்னு ராத்திரி 2 மணிக்கே அம்மாவ எழுப்பி வண்டில ஏத்தாதீங்க. இமிக்ரேஷன் வரிசைல நின்னு, பெட்டி பெல்ட்டுல சுத்தி வந்து, கஸ்டம்ஸ் தாண்டி வெளிய வர ஒரு மணி நேரம் சாதாரணமா ஆகும், விடியக்காலம் ரெண்டு மூணு கல்ஃப் ஃப்ளைட்டு ஒண்ணா எறங்குனா இன்னும் இழுக்கும். 2025 செப்டம்பர்ல அங்கயும் ஃபாஸ்ட் டிராக் இமிக்ரேஷன் வந்தாச்சு, இந்திய பாஸ்போர்ட்காரங்க ஆன்லைன்ல அப்ளை பண்ணி கைரேகை, போட்டோ எல்லாம் குடுத்து வச்சிருந்தா தனி கேட்டு வழியா வந்துரலாம், காசு ஒண்ணும் கெடையாது, அண்ணன்ட்ட இப்பமே சொல்லி வைங்க. நீங்க தக்கலைல இருந்து 4 மணிக்கு எடுத்தா போதும். களியக்காவிளைல ஒரு சாயா குடிச்சிட்டு காரோடு பைபாஸ் பிடிச்சாலும் 5.30 வாக்குல டெர்மினல் 2 வாசல்ல இருப்பீங்க. ஃப்ளைட்ரேடார் ஆப்ப போனுல போட்டுக்கிட்டா பிளேன் எங்க பறக்குன்னு படுக்கைல கெடந்தே பாக்கலாம், லேட்டுன்னா இன்னும் கொஞ்சம் ஒறங்கலாம்.

இனி பெட்டி. இதத்தான் எல்லாரும் மறந்துருவாவ. கல்ஃப் டிக்கெட்டுல 30 கிலோ வர தாராளமா விடுவான், ஆனா நம்ம ஊருக்குள்ள பறக்குற டிக்கெட்டுல பொதுவா 15 கிலோதான், கைல 7 கிலோ. அண்ணன் அந்த டாங் பொடி, பால்பொடி, கோடாலி தைலம், கம்பளி கட்டுன அட்டப்பெட்டிய எல்லாம் இழுத்துக்கிட்டு டெல்லி ஃப்ளைட்டு கவுண்டருக்குப் போனா கூடுதல் கிலோவுக்கு கேக்குற காசுல அந்த சாமானையே நாகர்கோவில்ல புதுசா வாங்கிரலாம். அதனால ஏழு சீட்டு வண்டியா பிடிங்க, மேல கேரியர் இருக்கணும். மொதல்ல டெர்மினல் 2-ல போயி அவங்கள ஏத்துங்க, வண்டில வச்சே டெல்லிக்கு வேண்டிய துணிய மட்டும் சின்னப் பெட்டிக்கு மாத்துங்க, மிச்சம் எல்லாம் அதே வண்டில தக்கலைக்குத் திரும்பட்டும். வீட்டுல வாங்கி வைக்க ஒரு ஆளு வேணும், இல்லேன்னா டிரைவர் தம்பி பாவம் அட்டப்பெட்டியோட திண்ணைல இருப்பான்.

இதெல்லாம் முடிய ஆறரை ஆயிரும். அதுக்குப் பொறவு 9 மணி வரைக்கும் சங்குமுகம் கடற்கரைதான், டெர்மினல் 1-க்கு ரொம்பப் பக்கம். கானாயி குஞ்ஞிராமன் செஞ்ச பெரிய ஜலகன்யகை சிலை படுத்துக் கெடக்கும், பிள்ளைய அதச் சுத்தி ஓடட்டும், பக்கத்துல பிளேன் ஏறி எறங்கும், அதயும் எண்ணட்டும். தண்ணில மட்டும் எறங்க விடாதீங்க, கரைய அரிச்சு ரோட்டையே கொண்டு போன கடலு அது, நம்ம முட்டம் மாதிரியேதான். வெப் செக்-இன் முந்தின நாளே முடிச்சிருங்க. கவுண்டர் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்னால மூடிருவான், 9 மணிக்கு ஆறு பேரும் ஒண்ணா வாசலத் தாண்டுனா செரி.

கடைசியா ஒண்ணு, இது எனக்க சொந்தக் கத. கொஞ்ச வருசம் முன்ன எனக்க சகலை தம்மாம்ல இருந்து வந்தான், விடியக்காலம், கூப்பிடப் போனோம். அவன் சவுதி சிம்மு இங்ஙன எடுக்கல, ஏர்போர்ட் வைஃபைல ஏறணும்னா ஓடிபி வரணும், ஓடிபி வரணும்னா சிம்மு எடுக்கணும். நாங்க ஒரு ஓரத்துல நிக்கோம், அவன் டிராலிய தள்ளிக்கிட்டு மறு ஓரத்துக்குப் போயிட்டான், நடுவுல எள்ளு போட்டா எள்ளு விழாத கூட்டம். 50 நிமிசம். நான் சாயா வாங்குன அதே கடைல எனக்கு கால் மணி நேரம் முன்ன அவனும் போயி ரியால நீட்டிருக்கான், கடைக்காரரு சிரிச்சிட்டு சும்மாவே குடுத்திருக்காரு. கண்டுபிடிச்சது எனக்க மவ, அப்ப அஞ்சு வயசு, எழுத்துக் கூட்டி வாசிக்கப் படிச்ச புதுசு. அங்ஙன போற வாற அட்டப்பெட்டில எல்லாம் மார்க்கர்ல எழுதுன பேர வாசிச்சுக்கிட்டே நடந்தா, ஒரு பெட்டிகிட்ட நின்னு "நா... கர்... கோ... வில்"ன்னா. நாகர்கோவில் பெட்டி அங்க ஒரு நாலாவது இருந்திருக்கும், ஆனா அவ பாத்த பெட்டிக்க மேலதான் சித்தப்பா தலைய சாய்ச்சு ஒறங்கிக்கிட்டு இருந்தான்.

அதுக்குப் பொறவு எங்க வீட்டுல யாரு எங்க பறந்தாலும் ஏறுறதுக்கு முன்னமே பேசி வச்சிருவோம்: வெளிய வந்ததும் வலது பக்கம், மொதல் தூணு, போன் எடுத்தாலும் எடுக்கலேன்னாலும் அங்ஙனதான். கூடப் போறவங்க எல்லாருக்கும் ஒரே தூணு.

ரயில்ல காலைல 6 மணிக்கு தாம்பரத்துல எறங்குவேன். கூட்டுக்காரனுவ மூணு பேரு கோயம்புத்தூர்ல இருந்து மதியம் ஃப்ளைட்டுல சென்னை வாறானுவ, பொறவு சாயங்காலம் நாலு பேரும் கொல்கத்தா ஃப்ளைட்டு. நான் ஒத்தைல அவ்வளவு நேரம் எப்படி ஓட்டுறது?
– ஒரு வாசகர், குளச்சல்

தம்பி, தாம்பரத்துல எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறுனா நாலாவது ஸ்டேஷன் திரிசூலம், எறங்குனா எதுத்தாப்புல ஏர்போர்ட்டு, அரை மணி நேரம் கூட வேண்டாம். ஆனா ஏழு மணிக்கே அங்க போயி என்ன செய்யப் போற? தாம்பரத்துல பைய பல்லு தேச்சு இட்லி தின்னுட்டு போ.

சென்னை ஏர்போர்ட் கார் பார்க்கிங் பக்கத்துல ஏரோஹப்-னு மால் இருக்கு, 2023-ல அங்க 5 ஸ்கிரீனோட சினிமா தியேட்டரே தொறந்தாச்சு, காலைக் காட்சி ஒண்ணு பாத்தா மூணு மணி நேரம் போன எடம் தெரியாது. படம் கொள்ளாதுன்னாலும் ஏசி உண்டு. சாயாவுக்கு டொமெஸ்டிக் டெர்மினல்ல உடான் யாத்ரி கஃபேன்னு 2025-ல ஆரம்பிச்சிருக்காவ, டீ 10 ரூபா, தண்ணி 10 ரூபா.

ஆனா கூட்டுக்காரனுவட்ட ஒரு விசயம் கேட்டுக்கோ. கோவை-சென்னை, சென்னை-கொல்கத்தா ரெண்டையும் அவனுவ ஒரே டிக்கெட்டா போட்டிருந்தா பெட்டி நேரா கொல்கத்தாவுக்குப் போயிரும், அவனுவளும் வெளிய வரணும்னு இல்ல, உள்ளயே செக்யூரிட்டி முடிச்சு கேட்டுக்குப் போயிருவானுவ, நீ வெளிய பூ வாங்கி வச்சுக்கிட்டு நின்னாலும் காணக் கெடைக்காது. அப்படின்னா நீயும் உள்ள போயி கேட்டுல சந்திக்கிறதுதான் புத்தி. தனித்தனி டிக்கெட்டுன்னா பெட்டி எடுக்க வெளிய வருவானுவ, அப்ப எறங்குற டெர்மினல் எதுன்னு கேளு, 1-ம் 4-ம் ரெண்டுமே டொமெஸ்டிக்தான், ஒண்ணுல எறங்கி மத்ததுல ஏற வேண்டி வரலாம்.

இன்னொண்ணு, உள்ள போயி நாற்காலில ஒறங்கிராத. சென்னை 2023-ல இருந்து சைலண்ட் ஏர்போர்ட்டு, நம்ம திருவனந்தபுரமும் 2024-ல அப்படி ஆயாச்சு, பேரச் சொல்லி மைக்குல கூப்பிடுவாவன்னு நம்பிக் கெடந்தா பிளேன் போயிரும். போர்டப் பாத்துக்கிட்டே இருக்கணும், இல்ல அலாரம் வச்சுக்கோ.

கோயில் திருவிழாவுக்காக திருவனந்தபுரம் ஏர்போர்ட்ட மூடுவாவன்னு எனக்க மவன் சொல்லுகான், நான் நம்பல. நெசமா?
– ஒரு வாசகர், திருவட்டாறு

மவன் சொன்னது நெசம் அண்ணே. திருவட்டாறுல இருந்துக்கிட்டு நீங்க இதக் கேக்கலாமா? நம்ம ஆதிகேசவப் பெருமாளுக்கு பங்குனியும் ஐப்பசியும் ஆராட்டு, அதான் சாமி ஊர்வலமா நீராடப் போறது, இருக்குல்லா, அதே போலத்தான் அங்க பத்மநாபசாமிக்கும். சாமி சங்குமுகம் கடலுக்கு ஆராடப் போற பாதைல குறுக்க ரன்வே கெடக்கு. ஏர்போர்ட் வந்ததே 1932-லதான், ஊர்வலம் அதுக்கு ரொம்ப முந்தி உள்ளது, அதனால வழி விடுறது பிளேன்தான். வருசத்துக்கு ரெண்டு நாளு, சாயங்காலம் 4 மணில இருந்து 9 மணி வாக்குல ஃப்ளைட்ட நிறுத்திருவாவ, திருவிதாங்கூர் மகாராஜா குடும்பத்து மூத்தவரு வாளோட முன்ன நடக்க ஊர்வலம் ரன்வேய தாண்டிப் போகும். விமான கம்பெனிக்கெல்லாம் முன்கூட்டியே அறிவிப்பு போயிரும், நேரத்த மாத்திருவான். கூடப் போற ஆளு அந்த நாளுல வாறதா இருந்தா டிக்கெட் போடும்போதே காலண்டர்ல ஆராட்டு என்னைக்குன்னு ஒரு பார்வ பாத்துருங்க.

ஏர்போர்ட்டுக்குள்ள சாயா விலை கேட்டு தலை சுத்திப் போச்சு. காத்திருக்கிற நேரத்துல திங்க வீட்டுல இருந்து கொண்டு போலாமா? தேங்கா, தேன் எல்லாம் விடுவாவளா?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

தாராளமா கொண்டு போலாம் அக்கா. புட்டு, இட்லி, சப்பாத்தி, முந்திரிக்கொத்து, ஏத்தங்கா சிப்ஸ் ஒண்ணுக்கும் தடை இல்ல. எனக்க கணக்குல ஏர்போர்ட்டுல காத்துக் கெடக்க ஏத்த சாதனம் மட்டிப்பழம்தான், 2023-ல புவிசார் குறியீடு வாங்குன பழம், ரெண்டு விரல் கனம், உரிச்சு வாய்ல போட்டா கையும் ஒட்டாது வயிறும் சொணங்காது, அழுவுற பிள்ளைக்கு உடனே குடுக்கலாம். முந்திரிக்கொத்து கொண்டு போனா ஸ்கேனர்ல அவிழ்த்துக் காட்டச் சொன்னாலும் சொல்லுவாவ, உருண்டை உருண்டையா இருக்கும்லா. காலி பாட்டில் ஒண்ணு வச்சுக்கிடுங்க, செக்யூரிட்டி தாண்டி தண்ணி பிடிச்சுக்கலாம்.

தேன செக்-இன் பெட்டில நல்லா கெட்டி வைங்க, வெளிநாட்டு ஃப்ளைட்டுன்னா கைப்பைல 100 மில்லிக்கு மேல திரவம் விட மாட்டான். கொப்பரை மட்டும் ரெண்டு பெட்டிலயும் ஆகாது. அதுல எண்ணெ கூடுதல், சூட்டுல தானா பத்திக்கிடும்னு பயம். பவர்பேங்க் நேர் எதிரு, அத கைப்பைலதான் வைக்கணும், பெரிய பெட்டில போட்டா கூப்பிட்டு எடுக்கச் சொல்லுவாவ, நீங்க மேல கூட்டத்தோட சிரிச்சுக்கிட்டு இருக்கும்போது கீழ உங்க பெட்டி அனாதையா கெடக்கும்.

எங்க வீட்டுல யாரு வந்தாலும் டிராவலர் பிடிச்சு 14 பேரு போயி நிக்கோம். எனக்க வீட்டுக்காரரு இது நாணக்கேடுன்னு சொல்லுகாரு. நீங்க என்ன சொல்லுதீங்க?
– ஒரு வாசகி, கருங்கல்

நாணக்கேடு ஒண்ணும் இல்ல, ரெண்டு வருசம் கழிச்சு வாறவனுக்கு கம்பிக்கு அந்தப் பக்கம் 14 மொகம் தெரிஞ்சா என்னன்னு அவன்ட்டயே கேட்டுப் பாருங்க. வண்டில 15 சீட்டு இருக்கான்னு மட்டும் எண்ணிட்டு ஏறுங்க. போன ஓணத்துக்கு எங்க தெருவுல ஒருத்தன் குவைத்துல இருந்து வந்து திருவனந்தபுரத்துல இருந்து மார்த்தாண்டம் வர ஸ்டெப்பினி டயர் மேல உக்காந்து வந்தான்.