ஏறி வந்த அணி இறங்காமல் இருக்க

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் ஊர் தங்கச்சிமடம் பக்கம். எங்கள் கால்பந்து அணி போன வருஷம் லீக்கின் இரண்டாம் டிவிஷனில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் முதல் டிவிஷனுக்கு ஏறியது. இப்போது 10 அணிகள், ஆளுக்கு 9 ஆட்டம், கடைசி இரண்டு அணிகள் கீழே இறங்கும். 4 ஆட்டம் முடிந்துவிட்டது. மூன்று தோல்வி, ஒரு டிரா, 1 புள்ளி, கடைசி இடம். 3 கோல் போட்டு 11 கோல் வாங்கியிருக்கிறோம், அதில் 6 கடைசி 20 நிமிடத்தில் வாங்கியது. ஆடியதெல்லாம் 3 முதல் 6 வரை உள்ள இடங்களில் இருக்கும் அணிகளோடு. அடுத்த இரண்டும் முதல் இரண்டு இடத்து அணிகளோடு. கடைசி மூன்று, எங்களுக்கு நேர் மேலே 2, 3, 4 புள்ளியோடு இருக்கும் அணிகளோடு. அவை ஏப்ரல் 15-க்குப் பிறகு வருகின்றன.

இரண்டு விங் பேக்கும் (ஓரத்துத் தடுப்பாளர்கள்) ஏறி அடிப்பதுதான் எங்கள் ஆட்டம். அதை மாற்றக் கூடாது என்று ஒரு கட்சி. மதுரையிலிருந்து காசு கொடுத்து இரண்டு ஃபார்வர்டு கூட்டி வர வேண்டும் என்று இன்னொரு கட்சி. கோச்சை மாற்றச் சொல்லும் பெரியவர்களும் உண்டு. டீமில் ஐந்து பேர் விசைப்படகில் போகிறவர்கள். சனிக்கிழமை டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போய் ஞாயிறு காலை கரை திரும்பி, அன்றே மாலை 4 மணிக்கு ஆடுகிறார்கள். எல்லா ஆட்டமும் கடலோர மைதானத்தில்தான். தப்பிக்க வழி உண்டா?

பெயர் போட வேண்டாம் அண்ணே.

அன்புள்ள தம்பி,

உண்டு. உங்கள் கடிதத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. பலமான அணிகளையெல்லாம் முதலில் முடித்துவிட்டு, உங்களைப் போலத் தத்தளிக்கும் மூன்று அணிகளைக் கடைசிக்கு வைத்திருக்கிறீர்கள். ஆகவே இப்போதைய பட்டியல் உங்கள் நிலைமையைக் கொஞ்சம் மிகைப்படுத்திக் காட்டுகிறது. அந்த மூன்று ஆட்டம்தான் உங்கள் சீசன். மற்றதெல்லாம் அதற்கு ஆயத்தம்.

எத்தனை புள்ளி போதும் என்று முதலில் பார்ப்போம். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 38 ஆட்டத்துக்கு 40 புள்ளி எடுத்தால் பிழைத்தோம் என்று ஒரு பேச்சு உண்டு. அதைச் சட்டமாக எடுக்காதீர்கள். 2002-03-இல் வெஸ்ட் ஹாம் 42 புள்ளி எடுத்தும் இறங்கியது. 2023-24-இல் 18-ஆம் இடத்தில் இறங்கிய லூட்டன் எடுத்தது 26 தான், அந்த வருஷம் அதற்கு மேலே 17-ஆம் இடத்தில் நின்ற அணிக்கு 27 இருந்தாலே தப்பியிருக்கும். உங்களுக்கு மேலே இருப்பவர்கள் எவ்வளவு மோசமாக ஆடுகிறார்கள் என்பதைப் பொறுத்தே கோடு நகரும். சாதாரண வருஷத்தில் ஆட்டத்துக்கு ஒரு புள்ளிக்குச் சற்றுக் குறைவாக எடுத்தவர்கள் தப்புகிறார்கள். உங்கள் 9 ஆட்டத்துக்கு அது 8 புள்ளி. கையில் 1 இருக்கிறது. கடைசி மூன்று ஆட்டத்தில் இரண்டு வெற்றி, ஒரு டிரா என்றால் 7. கணக்கு சரியாக முடிகிறது, முதல் இரண்டு இடத்து அணிகளிடம் தோற்றாலும்கூட. இந்த மூன்றில் ஒவ்வொரு வெற்றியும் உங்களுக்கு 3 சேர்ப்பதோடு எதிரிக்கு 3 கிடைக்காமலும் செய்கிறது.

அதிலும் 2 புள்ளியோடு இருக்கும் அணியை ஜெயித்தே ஆக வேண்டும். அவர்களோடு டிரா செய்தால் இரண்டு பேரும் சேர்ந்து மூழ்குவீர்கள். 70 நிமிடம் வரை கோல் இல்லை என்றால் ஒரு ஆளைக் கூடுதலாக முன்னே அனுப்புங்கள், மூன்று ஆளை அல்ல. 4 புள்ளி அணியோடு டிரா கெட்டதல்ல.

இனி உங்கள் ஊரின் இரண்டு கட்சிகள். "மாற்றக் கூடாது" கட்சியின் வாதத்தை நான் மதிக்கிறேன், ஆனால் இந்தப் பாதையில் போனவர்களின் கதி நன்றாக இல்லை. பர்ன்லி 2022-23-இல் இரண்டாம் நிலை லீக்கை 101 புள்ளியோடு வென்று ஏறியது. மேலே வந்தும் பின்னாலிருந்து குட்டிப் பாஸ் போட்டே ஆடி, 24 புள்ளியோடு இறங்கியது. அடுத்த வருஷம் ஏறி வந்த சவுத்தாம்ப்டனும் அதே பிடிவாதத்தோடு ஆடியது. டிசம்பரில் கோச்சை நீக்கினார்கள். கடைசியில் கிடைத்தது 12 புள்ளி. அந்த இரண்டு சீசனிலும் ஏறி வந்த மூன்று அணிகளுமே அப்படியே இறங்கின. கீழ் டிவிஷனில் உங்கள் தவறுக்கு எதிரி ஐந்து முறை வாய்ப்புக் கிடைத்தால் ஒரு கோல் போடுவான். மேல் டிவிஷனில் இரண்டுக்கு ஒன்று போடுவான். ஏறி வந்தவர்களுக்கு விழும் அடி பெரும்பாலும் இந்த வித்தியாசத்தில்தான் விழுகிறது.

மறுபக்கம் லெஸ்டர். 2014-15-இல் ஏறி வந்து, 29 ஆட்டத்தில் 19 புள்ளி மட்டும் எடுத்துக் கடைசி இடத்தில் கிடந்தார்கள். பிறகு பின்னால் மூன்று ஸ்டாப்பர் (நடுத் தடுப்பாளர்) வைத்து ஆடத் தொடங்கி, கடைசி 9 ஆட்டத்தில் 7 வெற்றி, 22 புள்ளி. 14-ஆம் இடம். ஓடித் தாக்கும் தங்கள் குணத்தை விடவில்லை, பின்னால் கதவை மட்டும் பூட்டினார்கள். அடுத்த வருஷம் அவர்கள் சாம்பியன் ஆனது உலகத்துக்கே தெரியும்.

உங்கள் ஆட்டத்தையும் அப்படியே தலைகீழாக்க வேண்டாம். ஒரு விங் பேக் ஏறினால் மற்றவன் ஸ்டாப்பர்களோடு நிற்க வேண்டும், இதை மட்டும் சட்டமாக்குங்கள். பந்து உங்களிடம் இருக்கும்போதே பின்னால் மூன்று பேரும், அவர்களுக்கு முன்னால் ஒரு ஹாஃபும் (நடுக்கள ஆட்டக்காரன்) நின்றாக வேண்டும். பந்து போனதும் எதிரி கோல் வரை துரத்த வேண்டாம். உங்கள் ஃபார்வர்டு நடுவட்டத்தின் முன்விளிம்பில் நிற்கட்டும். அவனுக்கும் கடைசி ஸ்டாப்பருக்கும் இடையில் 30 முதல் 35 மீட்டர். ஹாஃப் வரிசைக்கும் பேக் வரிசைக்கும் இடையில் 10 முதல் 12 மீட்டர், இது விரிந்தால்தான் எதிரி நடுவில் திரும்பி நின்று அடிக்கிறான். பயிற்சியில் 35 மீட்டருக்கு இரண்டு கயிற்றைக் குறுக்கே போட்டு, அதற்குள்ளேயே பத்துப் பேரும் சேர்ந்து நகரப் பழகுங்கள். முதல் இரண்டு நாள் எரிச்சலாகத்தான் இருக்கும், பந்தைத் தொடவே முடியவில்லை என்று பையன்கள் முனகுவார்கள். அடுத்து வரும் இரண்டு பெரிய அணிகளோடு இதையே ஒத்திகையாக ஆடிப் பாருங்கள். 0-1 தோல்வி அங்கே நல்ல முடிவு.

கடைசி 20 நிமிடத்தில் வாங்கிய 6 கோலுக்கு ஃபார்மேஷனைக் குறை சொல்ல முடியாது. கால் ஓய்ந்துவிட்டது. இரவெல்லாம் வலை இழுத்து, ஐஸ் பெட்டி தூக்கி, மீனை இறக்கி, காலை 9 மணிக்குப் படுத்தவன் 4 மணிக்கு 90 நிமிடம் ஓட மாட்டான். அவன் முழு ஆட்டம் ஆடுவதைவிட, 60-ஆவது நிமிடத்தில் இறங்கி 30 நிமிடம் ஆடுவது அணிக்கு லாபம். ஐந்து பேரில் இரண்டு பேரை மட்டும் தொடக்கத்தில் இறக்குங்கள், மூன்று பேரைப் பெஞ்சில் வையுங்கள். எத்தனை மாற்று அனுமதி என்று உங்கள் லீக் விதித்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். கரைக்கு வந்ததும் முதல் வேலை தண்ணீர். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து (அரை லிட்டரில் அல்ல, கெட்டியாகக் கலந்தால் வயிற்றைப் புரட்டும்) தூங்கும் முன் பாதி, எழுந்ததும் பாதி. ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு அரை லிட்டர் தண்ணீர். பிரியாணியை ஆட்டம் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கட்டிக் கிடக்கும், உங்கள் ஐந்து பேரும் கரையில் இருப்பார்கள், அதுவும் சரியாக அந்த மூன்று ஆட்டத்துக்கு. ஆனால் படகு கட்டியதும் கேரளப் பக்கம் வேலைக்குக் கிளம்புகிற வழக்கம் உண்டு. அதற்கு முன்பே அவர்கள் வீட்டில் பேசுங்கள். மதுரை ஃபார்வர்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை இவர்களின் நாள் கூலிக்குக் கொடுத்தாலும் தப்பில்லை. நாட்டுப்படகுக்கு இந்தத் தடை கிடையாது, ஆகவே வள்ளத்தில் போகும் பையன்கள் இருந்தால் அவர்களைத் தனியாகக் கணக்கில் எடுங்கள்.

ஓட்டத்துக்கு வாரம் இரண்டு நாள், நாலுக்கு நாலு சின்ன ஆட்டம், 30-க்கு 20 மீட்டர் இடத்தில். 4 நிமிடம் ஆடி 3 நிமிடம் ஓய்வு, இப்படி நான்கு முறை. கடைசிக் கடினப் பயிற்சி வியாழனோடு முடிய வேண்டும். சனிக்கிழமை கடற்கரை மணலில் ஓட விடாதீர்கள். இளமணலில் குதிகால் புதைந்து கெண்டைக்கால் இறுகிவிடும், மறுநாள் ஆட்டத்தில் பிடித்துக்கொள்ளும்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கரையில் பந்தாட்டம் பேச முடியாது. பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவந்தார்கள், ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்துவதில்லை. ஏப்ரலில் பிற்பகல் கடற்காற்று பொழுது சாயச் சாயத் தணியும். ஆகவே டாஸ் ஜெயித்தால் முதல் பாதியில் காற்றை முதுகில் வாங்குங்கள், இரண்டாம் பாதியில் அது இருக்குமா என்று நிச்சயமில்லை. கச்சான் (தென்மேற்குக் காற்று) முழுதாகப் பிடித்தபின் இந்தக் கணக்கு செல்லாது. காற்று எதிரே இருக்கும்போது கீப்பர் கோல் கிக்கை உயரத் தூக்கினால் பந்து பாக்ஸ் ஓரத்துக்கே திரும்பி வரும். ஓரத்தில் நிற்கும் பேக்குக்குத் தாழ்வாகத் தள்ளட்டும். சாயங்கால வெயில் கண்ணில் அடிக்கும் பக்கம் நின்றால் கீப்பர் தொப்பி போடலாம், விதியில் இடமுண்டு.

பலவீனமான அணிக்குக் கோல் கிடைக்கும் மலிவான இடம் கார்னரும் ஃப்ரீ கிக்கும் நீள த்ரோவும். பெரிய லீக்குகளிலேயே ஏறக்குறைய நாலில் ஒரு கோல் இப்படி நின்ற பந்தில் வருகிறது. 2021-22-இல் ஏறி வந்த பிரென்ட்ஃபோர்டு இதற்கென்றே தனிக் கோச் வைத்து வேலை செய்து, 46 புள்ளியோடு 13-ஆம் இடம் பிடித்தது. எதிரியின் கார்னருக்கு உங்கள் பத்துப் பேரை இப்படிப் பிரியுங்கள்: கிட்டக் கம்பத்தில் ஒருவன், கோலுக்கு முன் 5.5 மீட்டர் கோட்டில் மூன்று பேர், நன்றாகத் தலையால் அடிக்கும் எதிரிகள் நாலு பேருக்கு ஆளுக்கு ஒருவன், பாக்ஸ் விளிம்பில் ஒருவன், நடுக்கோட்டில் வேகமானவன் ஒருவன். நடுக்கோட்டு ஆளைக் கடைசி நிமிடத்தில் பதறிப் பின்னுக்கு இழுக்காதீர்கள். அவன் நின்றால் எதிரி இரண்டு பேரைப் பின்னால் விட்டாக வேண்டும்.

வெளியாள் விஷயத்தில் என் கருத்து கறாரானது. ஃபார்வர்டு வேண்டாம். 11 கோல் வாங்கிய அணிக்கு ஒரே ஒரு ஆள் கூட்டி வரப் பணம் இருந்தால் அது கீப்பர், இல்லையென்றால் பேசிப் பேசி வரிசையை நகர்த்தும் ஒரு ஸ்டாப்பர். ஃபுல்ஹாம் 2018-இல் ஏறி வந்து 10 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்து, 81 கோல் வாங்கி, 26 புள்ளியோடு இறங்கியது. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 2022-இல் இருபது பேருக்கு மேல் வாங்கிப் பிழைத்தது உண்மைதான், ஆனால் அவர்களுக்குப் பழக 38 ஆட்டம் இருந்தது. உங்களுக்கு ஐந்து. அதோடு பதிவு. அந்த ஆள் வேறு கிளப்பின் பெயரில், இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் ஆட்டக்காரர் பதிவு முறையான சி.ஆர்.எஸ்.-இல் பதிந்திருந்து, மாறுதல் முடியாமல் நீங்கள் இறக்கினால், எதிரி புகார் கொடுத்த அன்றே ஜெயித்த ஆட்டமும் போய்விடும். பதிவுக் கெடு தேதியைக் கேட்டபிறகு முன்பணம் கொடுங்கள்.

கோச் விஷயம் இரண்டு பக்கமும் போகும். லெஸ்டர் மாற்றாமல் பிழைத்தது, 2004-05-இல் வெஸ்ட் பிராம் நடுவில் மாற்றி, கிறிஸ்துமஸுக்குக் கடைசி இடத்தில் இருந்தும் 34 புள்ளியில் பிழைத்தது. ஐந்து ஆட்டத்துக்குப் புது ஆள் வந்து பெயர்களைக் கற்றுக்கொள்வதற்குள் சீசன் முடிந்துவிடும். விடுங்கள்.

தோற்கும் ஆட்டத்திலும் கோலை எண்ணுங்கள். 2006-07-இல், அந்த வருஷம்தான் ஏறி வந்திருந்த ஷெஃபீல்டு யுனைடெட் 38 புள்ளி, விகனும் 38 புள்ளி. கோல் வித்தியாசம் விகனுக்கு மைனஸ் 22, ஷெஃபீல்டுக்கு மைனஸ் 23. ஒரு கோலில் இறங்கினார்கள். நீங்கள் இப்போது மைனஸ் 8. பெரிய அணியிடம் 0-2 ஆனதும் கௌரவத்துக்காக எல்லோரும் ஏறி 0-5 வாங்குவது இந்தக் கணக்கில்தான் வந்து விழும். அந்த இரண்டு ஆட்டத்திலும் ரெஃப்ரியோடு வாய்ச்சண்டை போட்டு மஞ்சள் அட்டை சேர்க்காதீர்கள், கடைசி மூன்றுக்கு ஆள் குறையும்.

இன்னொன்று. 1982 உலகக் கோப்பையில் ஹிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும், மற்ற ஆட்டத்தின் முடிவைத் தெரிந்துகொண்டு 1-0-வில் ஒப்புக்கு ஆடிய பிறகு, உலகக் கோப்பையில் கடைசிக் குழு ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்துகிறார்கள். ஒரே மைதானத்தில் லீக் நடத்தும் நம் ஊரில் அது முடியாது. உங்கள் கடைசி ஆட்டம் போட்டி அணியின் ஆட்டத்துக்குப் பின்னால் வந்தால், டிரா போதுமா ஜெயிக்க வேண்டுமா என்று தெரிந்தே இறங்கலாம். அட்டவணை இன்னும் அச்சாகவில்லை என்றால் செயலாளரிடம் இப்போதே எழுதிக் கேளுங்கள்.

அப்படியே புள்ளி சமமானால் எதை வைத்துப் பிரிப்பார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் போல, சமமான அணிகள் தங்களுக்குள் ஆடிய முடிவை முதலில் பார்ப்பார்கள் என்றால், மேலே சொன்ன கோல் வித்தியாசம் இரண்டாம் பட்சமாகிவிடும், அந்த மூன்று ஆட்டத்தின் எடை இன்னும் கூடும்.