கடைசி மூன்று எட்டில் கடிவாளத்தை இழுக்காதீர்கள்

குதிரையில் 90 செ.மீ. உயரத் தடையைத் தாண்ட வரும்போது கடைசி மூன்று எட்டில் (அதாவது குதிரையின் பாய்ச்சல் அடியில்) தூரம் பிடிபடாமல் கடிவாளத்தை இழுத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் விரட்டுகிறேன், தடையின் கம்பு விழுகிறது, சில நேரம் குதிரை நின்றேவிடுகிறது, இன்னும் கடுமையான பிட் (குதிரையின் வாய்க்குள் மாட்டும் கடிவாளத் துண்டு) மாட்டச் சொல்கிறார்கள், மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். கேன்டரில், அதாவது மிதமான பாய்ச்சல் ஓட்டத்தில், ஒரு எட்டு சுமார் 3.6 மீட்டர். அது ஒரே சீராக வந்தால் சற்று கிட்டத்தில் போனாலும் குதிரை தானே சமாளித்துக்கொள்ளும். நீங்கள் இழுத்ததும் தலையைத் தூக்கி முதுகை இறுக்கிக்கொள்கிறது, பின்கால் உடலுக்கு அடியில் வருவதில்லை, அப்புறம் எப்படி எழும்பும்?

தடைக்கு முந்தைய திருப்பத்தில்தான் பாதி வேலை. திரும்புவதற்கு முன்பே தடையைப் பாருங்கள், வளைவைக் குறுக்கே வெட்டாதீர்கள், வேகத்தைச் சரிசெய்வதானால் அங்கேயே முடித்துவிடுங்கள். தரையில் 18 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பு போட்டு, கம்பைத் தாண்டும் எட்டு போக நடுவில் நான்கு எட்டு வருகிறதா என்று வாய்விட்டு எண்ணுங்கள். அது கைவந்தபின் ஐந்து எட்டாகச் சுருக்கிப் பாருங்கள். தடையே வேண்டாம், சில வாரம் இது போதும்.

இதை யாரும் பொறுமையாகச் சொல்லித்தருவதில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். வாராவாரம் கம்பை ஏற்றினால்தான் மாணவர் தங்குவார் என்று நினைக்கிறார்கள், கம்பு விழுந்தால் பிட்டை மாற்று, அதுவும் பலிக்காவிட்டால் குதிரையையே மாற்று. அந்தப் பேச்சு வந்ததும் ஒரு தரகர் வந்து நிற்பார். விற்பவரிடமும் வாங்குபவரிடமும் கமிஷன் வாங்குகிறவர் சொல்வதை நம்பிப் பணத்தை எடுக்காதீர்கள், நீங்களே ஏறி ஓட்டிப் பார்க்காமல், உங்கள் சொந்த கால்நடை மருத்துவர் பரிசோதிக்காமல் எந்தக் குதிரையும் வேண்டாம்.

ஒன்றே ஒன்று மட்டும் வேறு கணக்கு. நேற்றுவரை தாண்டிய குதிரை திடீரென்று நிற்க ஆரம்பித்தால் அது உங்கள் கையின் தவறாக இல்லாமல் வலியாக இருக்கலாம். சேணம் போடும்போது காதை மடக்குகிறதா, முதுகைத் தொட்டால் அமுங்கிக் கொடுக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் திரும்ப மறுக்கிறதா, இறங்கும்போது ஒரு காலைக் காக்கிறதா என்று பாருங்கள். பல், முதுகு, குளம்பு மூன்றையும் மருத்துவர் பார்க்கட்டும், சேணம் சரியாகப் பொருந்துகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை கம்புப் பயிற்சியும் வேண்டாம், சாட்டையைக் கையில் எடுக்கவே வேண்டாம்.